"1111" என்ற சாவி! தண்ணீர் மோட்டாரை ஓட்டும் சின்னப் பெட்டிக்குப் பூட்டு எங்கே?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. ஓகியோ ஆற்றின் கரையில் உள்ள ஊர். ஒரு காலத்தில் பெரிய உருக்காலையால் பிழைத்த ஊர். ஆலை நொடித்ததும், பலர் வேலை தேடி வெளியேறிவிட்டார்கள். இப்போது அங்கே சுமார் 9 ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள்.

2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ந் தேதி சனிக்கிழமை. அன்று அந்த ஊர்த் தண்ணீர் வாரியத்தின் பம்பு நிலையம் ஒன்றில் திடீர் என்று அபாய மணி அடித்தது. பக்கத்தில் உள்ள இரண்டு சிற்றூர்களுக்கு அழுத்தம் கொடுத்துத் தண்ணீர் அனுப்பும் நிலையம் அது.

ஊழியர்கள் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். பம்பை ஓட்டும் சின்னப் பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. அதன் முகப்பில் உள்ள திரையில் வழக்கமான எண்களைக் காணோம். அதற்குப் பதிலாக ஒரு மிரட்டல் வாசகம்! "இஸ்ரேலில் செய்த கருவி எங்கே இருந்தாலும் தாக்குவோம்" என்பது அதன் கருத்து. கீழே "சைபர் அவெஞ்சர்ஸ்" என்ற கூட்டத்தின் பெயர்.

ஊழியர்கள் பதறவில்லை. அந்தப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, பம்பைக் கையாலேயே ஓட்டினார்கள். தண்ணீர் நிற்கவில்லை. தண்ணீரில் எந்தக் கெடுதலும் கலக்கவில்லை.

ஆனால், ஒரு கேள்வி எழுந்தது. எங்கேயோ இருக்கிற ஆசாமிகள், கடல் கடந்து, இந்தச் சிறிய ஊரின் பம்பு அறைக்குள் எப்படி நுழைந்தார்கள்?

கதவு திறந்து கிடந்தது!

அமெரிக்க அதிகாரிகள் ஆராய்ந்தார்கள். விடை மிகவும் சாதாரணமாக இருந்தது.

அந்தப் பெட்டியை இஸ்ரேல் நாட்டில் உள்ள யூனிட்ரானிக்ஸ் என்ற கம்பெனி செய்கிறது. கம்பெனியில் இருந்து வெளியே வரும்போது அதற்கு ஒரு ரகசிய எண் இருந்தது. அந்த எண் "1111". வாங்கியவர்கள் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். பலர் மாற்றவில்லை. சிலர் ரகசிய எண்ணே வைக்கவில்லை. போதாக்குறைக்கு, பெட்டியை நேராக இன்டர்நெட்டில் இணைத்தும் வைத்திருந்தார்கள்.

புதுப் பூட்டு வாங்கி, சாவியை அதன் மேலேயே தொங்கவிட்டால் எப்படி? அது போலத்தான் ஆயிற்று.

அந்தச் சமயத்தில் காசாவில் போர் நடந்துகொண்டு இருந்தது. இஸ்ரேல் மீது கோபம் கொண்டவர்களின் கண்ணில், "இஸ்ரேலில் செய்தது" என்ற முத்திரை உள்ள இந்தப் பெட்டிகள் பட்டன. இந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஈரான் நாட்டின் புரட்சிக் காவல் படை இருக்கிறது என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், அந்தப் படையின் அதிகாரிகள் 6 பேர் மீது பொருளாதாரத் தடை விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், அவர்களைப் பற்றித் துப்புக் கொடுத்தால் 1 கோடி டாலர் வரை பரிசு என்றும் அறிவித்தது.

இப்படித் தாக்கப்பட்ட பெட்டிகள் குறைந்தது 75 என்று பிறகு தெரிய வந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இந்தப் பெட்டிக்குத் தொழிற்சாலைகளில் "பி.எல்.சி." என்று பெயர். கையளவுதான் இருக்கும். நூற்பாலை, சர்க்கரை ஆலை, பால் பண்ணை, லிப்ட், தண்ணீர் மோட்டார்... எந்திரம் தானாக ஓடும் இடங்களில் பெரும்பாலும் இது இருக்கும்.

இது செய்யும் வேலை மூன்று. முதலில், பித்தான்களும் மிதவைகளும் என்ன சொல்கின்றன என்று பார்க்கும். இரண்டாவது, தனக்கு எழுதிக் கொடுத்த கட்டளைகளைப் படிக்கும். மூன்றாவது, அந்தக் கட்டளைப்படி மோட்டாரை ஓட்டும், அல்லது நிறுத்தும். முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து தொடங்கும். ஒரு நொடிக்குள் இப்படிப் பல தடவை சுற்றி வரும். தூங்காது. சலிக்காது. காபி குடிக்கப் போகாது!

ஆனால், தானாக எதையும் யோசிக்கவும் செய்யாது. கட்டளையை யார் எழுதினாலும் கேட்கும். நல்லவன் எழுதினாலும் கேட்கும். கெட்டவன் எழுதினாலும் கேட்கும். வம்பு எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

கார் கம்பெனியின் தலைவலி

இந்தப் பெட்டி பிறந்த கதை சுவையானது.

1960-களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளில் எந்திரங்களை "ரிலே" என்ற மின்சாரச் சுவிச்சுகள்தான் ஓட்டின. பெரிய பெரிய அலமாரிகள். அவற்றுக்குள் நூற்றுக்கணக்கான ரிலேக்கள். பின்னிப் பிணைந்த கம்பிகள். கார் மாடல் மாறும்போது அத்தனை கம்பிகளையும் பிரித்து, மறுபடி கோர்க்க வேண்டும். ஒரு கம்பி தப்பினாலும் எந்திரம் நின்றுவிடும். எது தப்பு என்று தேடுவதற்குள் விடிந்துவிடும்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு இது பெரிய தலைவலி. "கம்பியை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றும்படி ஒரு கருவி வேண்டும்" என்று 1968-ம் ஆண்டு கேட்டது. டிக் மார்லி என்ற என்ஜினீயரும் அவருடைய கூட்டாளிகளும் அதைச் செய்து கொடுத்தார்கள். அவர்களுடைய கம்பெனி எடுத்துக்கொண்ட 84-வது வேலை அது. ஆகவே, கருவிக்கு "மோடிகான் 084" என்று பெயர் வைத்தார்கள்.

அவர்கள் செய்த இன்னொரு காரியம்தான் மிகவும் கெட்டிக்காரத்தனமானது. கட்டளை எழுதுவதற்குக் கம்ப்யூட்டர் படித்தவர்களின் கடினமான மொழியை அவர்கள் வைக்கவில்லை. ஆலையில் வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன்களுக்கு ரிலே படம் வரையத் தெரியும். அந்தப் படத்தையே கட்டளை ஆக்கிவிட்டார்கள்! பார்ப்பதற்கு ஏணி போல இருக்கும். அதனால் அதற்கு "ஏணிப் படம்" என்று பெயர். தொழிலாளர்கள் "லேடர்" என்று சொல்வது இதைத்தான்.

1993-ம் ஆண்டு சர்வதேச அளவில் இத்தகைய பெட்டிகளுக்கு 5 விதக் கட்டளை மொழிகள் வகுக்கப்பட்டன. அதிலும் ஏணிப் படத்துக்கு இடம் கிடைத்தது. இன்று பள்ளிப் படிப்போடு நின்ற எலெக்ட்ரீஷியன்கூடச் சில நாள் பழகினால் அதைப் படிக்கலாம்.

ஏணிப் படம் எப்படி?

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் இரண்டு மிதவைகள். ஒன்று அடியில். மற்றொன்று மேலே. தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓட வேண்டும். தொட்டி நிறைந்தால் நிற்க வேண்டும்.

ஏணிக்கு இரண்டு கால்கள் உண்டு அல்லவா? படத்திலும் இரண்டு நீளக் கோடுகள். நடுவில் படிகள். ஒவ்வொரு படியும் ஒரு கட்டளை. படியின் இடது பக்கம் கேள்வி. வலது பக்கம் வேலை. கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால், வேலை நடக்கும்.

புதிதாகப் பழகுகிறவர் முதலில் இப்படி எழுதுவார்: "தண்ணீர் கீழ் மிதவைக்குக் கீழே போய்விட்டதா? ஆம் என்றால் மோட்டார் ஓடட்டும்."

சரிதானே என்று தோன்றும். ஆனால், மோட்டார் ஓடியதும் தண்ணீர் ஓர் அங்குலம் ஏறும். கீழ் மிதவை எழும்பும். பதில் "இல்லை" ஆகிவிடும். மோட்டார் நிற்கும். தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் மறுபடி ஓடும். மறுபடி நிற்கும். இப்படியே விட்டால் மோட்டார் சூடாகிக் கருகிவிடும்.

ஆகவே, இரண்டாவது கேள்வியைச் சேர்க்க வேண்டும்: "மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டு இருக்கிறதா? அப்படியானால் தொடர்ந்து ஓடட்டும்." இப்போது மோட்டார் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. சரி, நிறுத்துவது யார்? மூன்றாவது கேள்வி: "தண்ணீர் மேல் மிதவையை எட்டாமல் இருக்கிறதா?" எட்டிவிட்டால், படி துண்டாகிவிடும். மோட்டார் நின்றுவிடும்.

மூன்றே கேள்விகள். ஒரு தொட்டிக்குக் காவல்காரன் கிடைத்துவிட்டான்!

முதல் நாள் வேலைகள்

இந்தப் படத்தை வரைவதற்கு ஒரு சாப்ட்வேர் வேண்டும். அதைச் சாதாரண கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். யூனிட்ரானிக்ஸ் கம்பெனியின் சாப்ட்வேருக்கு "விசிலாஜிக்" என்று பெயர். காசு இல்லாமலே கிடைக்கிறது. ஜெர்மனியில் உருவான "கோடிசிஸ்" சாப்ட்வேரும், "ஓப்பன் பி.எல்.சி." என்பதும் இலவசமாகக் கிடைப்பவைதான். பெட்டியே இல்லாமல் கம்ப்யூட்டர் திரையில் ஓட்டிப் பார்க்கவும் கோடிசிஸில் வசதி உண்டு. வாங்க வசதி இல்லாத பிள்ளைகளும் வீட்டில் இருந்தே பழகலாம்.

முதலில், தன் கையில் உள்ள பெட்டி எந்த மாடல் என்று சாப்ட்வேருக்குச் சொல்ல வேண்டும். மாடல் தப்பானால், எழுதியது எல்லாம் வீண்.

அடுத்து, ஒவ்வொரு கம்பிக்கும் பெயர் வைக்க வேண்டும். "கீழ் மிதவை", "மேல் மிதவை", "மோட்டார்" என்று எழுதினால், 2 ஆண்டு கழித்து வேறு ஒருவர் வந்து பார்த்தாலும் புரியும். பெயர் வைக்காமல் விட்டால், எழுதியவருக்கே புரியாது.

பிறகு ஏணியை வரைந்து, கேபிள் மூலம் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். எடுத்த எடுப்பில் மோட்டாரை இணைக்கக் கூடாது. ஒரு விளக்கை வைத்துச் சோதித்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

அனுபவசாலிகள் சொல்லித் தரும் இன்னொரு பாடம் உண்டு. நிறுத்தும் பித்தானுக்குக் கம்பி போடும் முறை அது. எப்போதும் அந்தக் கம்பியில் மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். பித்தானை அமுக்கினால் மின்சாரம் அறுந்து, மோட்டார் நிற்க வேண்டும்.

ஏன் இப்படித் தலைகீழாக? எலி கம்பியைக் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மின்சாரம் அறுந்து, மோட்டார் தானாக நின்றுவிடும். கம்பியை வேறு விதமாகப் போட்டு இருந்தால்? ஆபத்து நேரத்தில் பித்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் எந்திரம் நிற்காது. ஆளின் கை போய்விடும்.

ஆபத்துப் பித்தானைப் பெட்டியின் பொறுப்பில் மட்டும் விடுவதும் கூடாது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே அது நேராகத் துண்டிக்க வேண்டும்.

"ஓட்டுவது எப்படி என்பதற்கு முன்னால், கெட்டுப் போனால் என்ன ஆகும் என்று யோசி" என்பதுதான் இந்தத் தொழிலின் தர்மம்.

விட்டுப் போன பாடம்

இந்தத் தர்மத்தை மோட்டாருக்கும் பித்தானுக்கும் எல்லோரும் பார்த்தார்கள். பெட்டியின் கதவுக்கு மட்டும் பலர் பார்க்கவில்லை.

காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கட்டளையை மாற்ற வேண்டுமானால், ஆள் நேரில் வர வேண்டும். கேபிளைச் செருக வேண்டும். ஆலைக் கதவே பூட்டு. வாசலில் நிற்கும் காவலாளியே ரகசிய எண்.

பிறகு இன்டர்நெட் வந்தது. நடு இரவில் பம்பு நின்றால், எலெக்ட்ரீஷியன் 20 மைல் கார் ஓட்டிக்கொண்டு வர வேண்டியது இல்லை. வீட்டில் இருந்தபடியே பார்த்துவிடலாம். சிறிய ஊர்களுக்கு இது பெரிய வசதி. பணமும் மிச்சம். ஆனால், எலெக்ட்ரீஷியன் வருகிற அதே வழியில் திருடனும் வரலாம் என்பதைப் பலர் நினைக்கவில்லை.

வந்த விஷமிகள் மிரட்டலோடு நிற்கவில்லை. சில பெட்டிகளில் இருந்த ஏணிப் படத்தையே அழித்துவிட்டு, தங்கள் படத்தை ஏற்றினார்கள். பெட்டியின் பெயரை மாற்றினார்கள். சொந்தக்காரர் மறுபடி கட்டளை ஏற்ற முடியாதபடியும் செய்தார்கள். பழைய படத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு மீண்டும் ஏற்ற வழி உண்டு. நகல் இல்லாதவர்கள் முதலில் இருந்து வரைய வேண்டியதுதான்.

அன்றும் இன்றும்

இத்தகைய பெட்டிகள் தாக்கப்பட்டது இது முதல் தடவை அல்ல. ஈரானில் நாட்டான்ஸ் என்ற இடத்தில் அணு நிலையம் இருக்கிறது. அங்கே உள்ள எந்திரங்களைக் கெடுத்த "ஸ்டக்ஸ்நெட்" என்ற கம்ப்யூட்டர் வைரஸ் 2010-ம் ஆண்டு அம்பலத்துக்கு வந்தது. அந்த வைரஸ், பெட்டிக்குக் கட்டளை எழுதும் சாப்ட்வேருக்கு உள்ளேயே புகுந்துகொண்டது. என்ஜினீயர் பார்க்கும்போது நல்ல கட்டளை தெரியும். பெட்டிக்குள் ஓடுவதோ கெட்ட கட்டளை!

அதைச் செய்யப் பெரிய மூளையும், நிறையப் பணமும், நீண்ட நாளும் தேவைப்பட்டன. அலிக்விப்பாவுக்கு அதெல்லாம் வேண்டி இருக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்றைய கவலை. அன்று, அரண்மனைக் கோட்டையை உடைக்க வல்லவன் வந்தான். இன்று, திறந்து கிடக்கும் குடிசைக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம்.

அயர்லாந்து நாட்டிலும் இதே கதை நடந்தது. 2023-ம் ஆண்டு இறுதியில், மேயோ மாவட்டத்தில் ஒரு சிறிய குடிநீர்த் திட்டத்தின் கருவி தாக்கப்பட்டது. அங்கே நிலைமையைக் கையால் சமாளிக்க முடியவில்லை. சுமார் 180 வீடுகளுக்கு 2 நாள் தண்ணீர் வரவில்லை. இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் உள்ள பகைக்கும், அந்த வீட்டுப் பெண்களின் குடத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால், குடம் காலியாகத்தான் இருந்தது.

உத்தரவும் வாபசும்

அரசாங்கம் முன்பே விழித்துக்கொள்ளவில்லையா?

விழித்துக்கொண்டது. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை ஓர் உத்தரவு போட்டது. "குடிநீர் நிலையங்களைச் சோதனை போடும்போது, கம்ப்யூட்டர் பாதுகாப்பையும் சேர்த்துப் பாருங்கள்" என்று மாநிலங்களுக்குச் சொன்னது.

மிசவுரி, ஆர்கன்சா, அயோவா ஆகிய 3 மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயின. குடிநீர் நிலையங்களின் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. "இந்த உத்தரவு போட அதிகாரம் இல்லை. சின்ன ஊர்கள் இந்தச் செலவைத் தாங்காது" என்பது அவர்களுடைய வாதம். கோர்ட்டு தடை விதித்தது. அக்டோபர் மாதம் அந்த உத்தரவு வாபஸ் ஆயிற்று.

அடுத்த மாதமே அலிக்விப்பாவில் அபாய மணி அடித்தது!

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் குடிநீர் அமைப்புகள் சுமார் 1½ லட்சம் உண்டு. பல ஊர்களில் ஓரிரண்டு பேரே எல்லா வேலையும் பார்க்கிறார்கள். குழாய் வெடித்தாலும் அவர்தான். கணக்கு எழுதினாலும் அவர்தான். அவர் தலையில் இன்னொரு பாரத்தை வைப்பது எளிது. அதற்குப் பணமும் பயிற்சியும் யார் கொடுப்பது என்பதே கேள்வி.

ஆனால், எல்லாப் பாதுகாப்பும் பணம் கேட்பது இல்லை. ரகசிய எண்ணை மாற்ற ஒரு காசு செலவு இல்லை. பெட்டியை நேராக இன்டர்நெட்டில் மாட்டாமல் இருக்கவும் செலவு இல்லை. ஏணிப் படத்தின் நகலைத் தனியாக எடுத்து வைக்கச் சில நிமிஷம் போதும். அமெரிக்க அதிகாரிகள் சொன்ன முக்கியமான யோசனைகளில் இவையும் அடங்கும்.

பழியை ஊழியர் மீது மட்டும் போடுவதும் நியாயம் அல்ல. எல்லாப் பெட்டிக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, அதை மாற்றாவிட்டாலும் ஓடும்படி செய்தது கம்பெனியின் வேலை அல்லவா? தாக்குதலுக்குப் பிறகு யூனிட்ரானிக்ஸ் விழித்துக்கொண்டது. விசிலாஜிக் சாப்ட்வேரின் 9.9.00 என்ற புதிய பதிப்பில் இந்தக் குறையைச் சரி செய்தது. முன்பே செய்திருந்தால் மிரட்டல் வாசகத்துக்கு இடமே இருந்திருக்காது.

கையும் மறக்கக் கூடாது

அலிக்விப்பாவைக் காப்பாற்றியது எது? ஒன்று, அபாய மணி. மற்றொன்று, பெட்டி இல்லாமலும் பம்பை ஓட்டத் தெரிந்த ஊழியர்கள். கருவி வந்த பிறகும் அவர்கள் கைத்தொழிலை மறக்கவில்லை. அதனால் ஊர் தப்பியது.

தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் பல பிள்ளைகள் இன்று பி.எல்.சி. பழகுகிறார்கள். நாளைக்கு ஓர் ஆலையோ, ஓர் ஊரின் தண்ணீரோ அவர்கள் கைக்கு வரும். முதல் ஏணிப் படம் சரியாக ஓடி, விளக்கு எரியும்போது உண்டாகும் சந்தோஷத்துக்கு ஈடு இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அன்றே செய்ய வேண்டிய வேலையை மறந்துவிடக் கூடாது.

மோட்டார் ஓடியதும் பாடம் முடிந்துவிடவில்லை. கம்பெனி கொடுத்த எண்ணை மாற்றி, நகலை எடுத்து வைத்து, பெட்டியைப் பூட்டிய பிறகுதான் அது முடிகிறது.